பொருத்தச் சொன்ன சட்டம். பரிசோதிக்க மறந்த அரசு

புதுதில்லி: ஜனவரி மாதக் குளிரில் தில்லி அரசு அலுவலக வளாகங்களின் கார் நிறுத்துமிடங்களில் ஒரு காட்சியைக் காணலாம். கழுத்தில் மஃப்ளருடன் நிற்கும் ஒருவர், கையிலுள்ள சாவியின் பொத்தானை அழுத்தியபடியே காரைச் சுற்றிச் சுற்றி வருவார். கதவு திறக்காது. சாவியை உதறிப் பார்ப்பார். உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றிப் பார்ப்பார். பிறகு மெக்கானிக்குக்குத் தொலைபேசி செய்வார்.

பழுது பெரிதல்ல. சாவிக்குள் இருக்கும், ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறிய பேட்டரி தீர்ந்துவிட்டது. குளிரில் இந்த வகை பேட்டரியின் மின்னழுத்தம் மேலும் குறையும் என்பதால் வடஇந்தியாவில் இந்தத் தொல்லை குளிர்காலத்தில்தான் அதிகம் தலைகாட்டுகிறது. பேட்டரி குறைந்துவருவதாகப் பல கார்கள் முன்கூட்டியே டாஷ்போர்டில் எச்சரிக்கை காட்டும். பெரும்பாலோர் அதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால், கதவு திறக்காத அன்று மாலையே புதிய பேட்டரி போடப்பட்டுவிடுகிறது.

அதே டாஷ்போர்டில் இன்னொரு விளக்கும் உண்டு. காற்றுப்பை எனப்படும் ஏர் பேக் அமைப்பில் பழுது ஏற்பட்டால் அது அணையாமல் எரியும். அது எரிந்தாலும் கதவு திறக்கும், வண்டி ஓடும், அலுவலகத்துக்கும் நேரத்துக்குப் போய்ச் சேரலாம். எனவே, அடுத்த சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடப்படுகிறது. பயணத்தைத் தடுக்கும் பழுதுக்கு உடனடிக் கவனிப்பு. உயிரைக் காக்கும் கருவியின் பழுதுக்குத் தவணை.

இது கார் உரிமையாளரின் அலட்சியம் மட்டுமல்ல. கடந்த பத்தாண்டுகளில் வாகனப் பாதுகாப்புக்காக மத்திய அரசு எடுத்த நடவடிக்கைகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் அரசிடமும் இதே மனப்போக்கு தெரிகிறது. புதிய காரில் என்னென்ன கருவிகள் பொருத்தப்பட வேண்டும் என்பதில் காட்டப்பட்ட அக்கறை, அக்கருவிகள் ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகும் வேலை செய்கின்றனவா என்பதில் காட்டப்படவில்லை.

ஒரு மரணமும் ஒரு மசோதாவும்

சாலை விபத்துகள் அரசியல் தலைவர்களையும் விட்டுவைத்ததில்லை. முன்னாள் குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் 1994-ம் ஆண்டிலும், காங்கிரஸ் தலைவர் ராஜேஷ் பைலட் 2000-ம் ஆண்டிலும், தில்லி முன்னாள் முதல்வர் சாகிப் சிங் வர்மா 2007-ம் ஆண்டிலும் விபத்தில் சிக்கி உயிரிழந்தனர். இரங்கல் தீர்மானங்கள் நிறைவேறின, சட்டம் மாறவில்லை.

மாற்றத்துக்கான பேச்சைத் தொடங்கிவைத்தது 2014-ம் ஆண்டு ஜூன் 3-ம் தேதி நடந்த விபத்து. மத்திய ஊரக வளர்ச்சித் துறை அமைச்சராகப் பொறுப்பேற்றுச் சில நாள்களே ஆகியிருந்த கோபிநாத் முண்டே, அதிகாலையில் விமான நிலையம் செல்லும் வழியில், பிருதிவிராஜ் சாலையும் துக்ளக் சாலையும் சந்திக்கும் இடத்தில் மற்றொரு கார் மோதியதில் உயிரிழந்தார். பின்னிருக்கையில் அமர்ந்திருந்த அவர் சீட் பெல்ட் அணிந்திருக்கவில்லை. அடுத்த நாள் தொடங்கிய 16-வது மக்களவையின் முதல் கூட்டம், அவருக்கு அஞ்சலி செலுத்திவிட்டு ஒத்திவைக்கப்பட்டது.

புதிய சாலைப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவரப்படும் என்று அமைச்சர் நிதின் கட்கரி அறிவித்தார். அதே ஆண்டு செப்டம்பரில் வரைவு வெளியிடப்பட்டது. அது கைவிடப்பட்டு, 1988-ம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்துக்கே திருத்தம் கொண்டுவரும் மசோதா 2016 ஆகஸ்டில் மக்களவையில் அறிமுகமானது. 2017 ஏப்ரலில் மக்களவை நிறைவேற்றியது. மாநிலங்களவை அதைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்பியது. மாநிலங்களின் அதிகாரம் பறிபோகிறது என்ற எதிர்ப்புக்கிடையே நிலுவையில் கிடந்த மசோதா, மக்களவையின் பதவிக்காலம் முடிந்ததும் காலாவதியானது. மீண்டும் கொண்டுவரப்பட்டு, 2019 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. முண்டே மறைந்து ஐந்து ஆண்டுகள் கடந்திருந்தன.

இதற்கிடையே உச்ச நீதிமன்றத்திலும் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன் 2012-ம் ஆண்டில் தொடுத்த பொதுநல வழக்கு அது. விபத்தில் சிக்கியவர்களுக்கு அறுவைச் சிகிச்சை செய்துவந்த மருத்துவரின் மனுவை ஏற்ற நீதிமன்றம், சாலைப் பாதுகாப்பைக் கண்காணிக்க நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் 2014-ல் ஒரு குழுவை நியமித்தது. 2017 நவம்பர் 30-ம் தேதி மத்திய, மாநில அரசுகளுக்கு விரிவான உத்தரவுகளையும் பிறப்பித்தது.

பொருத்தப்பட்ட கருவிகள்

நாடாளுமன்றமும் நீதிமன்றமும் கொடுத்த அழுத்தத்தின் பலன் புதிய கார்களில் தெரிகிறது. திடீரென பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சறுக்குவதைத் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்பு, புதிய மாடல்களுக்கு 2018 ஏப்ரலிலும், ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கு 2019 ஏப்ரலிலும் கட்டாயமானது. 2019 ஜூலை 1 முதல் ஓட்டுநருக்கான ஏர் பேக், முன்னிருக்கைகளுக்கு சீட் பெல்ட் எச்சரிக்கை ஒலி, வேகம் மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டினால் எச்சரிக்கும் ஒலி, பின்புறம் உள்ள தடையைக் காட்டும் சென்சார் ஆகியவை கட்டாயமாயின. 2022 ஜனவரி முதல் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கைக்கும் ஏர் பேக் கட்டாயம். பின்னிருக்கைக்கான பெல்ட் எச்சரிக்கை ஒலி 2025 ஏப்ரல் முதல் தயாரிக்கப்படும் கார்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டது.

2014 ஜனவரியில் 'குளோபல் என்கேப்' அமைப்பு, இந்தியாவில் விற்கப்பட்ட ஐந்து சிறிய கார்களை மோதிப் பார்த்தபோது ஒன்றுக்குக்கூட ஒரு நட்சத்திரமும் கிடைக்கவில்லை. அந்த அவமானத்திலிருந்து, 2023 அக்டோபரில் 'பாரத் என்கேப்' என்ற சொந்த நட்சத்திர மதிப்பீட்டை நடைமுறைப்படுத்தும் அளவுக்கு நாடு முன்னேறியிருக்கிறது. இதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை.

2019 ஜூலை விதியில் அதிகம் பேசப்படாத ஓர் அம்சமும் உண்டு. மின்சாரத்தால் இயங்கும் சென்ட்ரல் லாக் செயலிழந்தாலும் கதவைக் கையால் திறக்க வழி இருக்க வேண்டும் என்பதே அது. தீப்பிடித்தாலோ தண்ணீரில் மூழ்கினாலோ மின்னிணைப்பு முதலில் துண்டிக்கப்படலாம். தில்லியை அடுத்த ஃபரிதாபாதில் 2024 செப்டம்பரில், மழைநீர் நிரம்பிய ரயில்வே சுரங்கப்பாதையில் கார் சிக்கி இருவர் உயிரிழந்தனர். வடஇந்திய நகரங்களின் சுரங்கப்பாதைகளில் ஒவ்வொரு மழைக்காலத்திலும் இந்த ஆபத்து காத்திருக்கிறது. காரின் கதவை உள்ளிருந்து கையால் எப்படித் திறப்பது என்று ஒருமுறையாவது செய்து பார்த்தவர்கள் எத்தனை பேர் என்பதுதான் கேள்வி.

பதினைந்து ஆண்டுகள் கேட்பாரில்லை

பொருத்தப்பட்ட கருவி பழுதடைந்தால் என்ன ஆகும்? மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-வது பிரிவு, ஆபத்தை விளைவிக்கும் பழுதுடன் வண்டியைப் பொது இடத்தில் ஓட்டுவது குற்றம் என்கிறது. 2019-ம் ஆண்டுத் திருத்தத்தின்படி அபராதம் 1,500 ரூபாய். அந்தப் பழுதால் விபத்து ஏற்பட்டு யாராவது காயமடைந்தால் மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். சட்டம் இருக்கிறது. பழுதைக் கண்டுபிடிக்கும் ஏற்பாடுதான் இல்லை.

வாடகை கார், பேருந்து, லாரி போன்ற போக்குவரத்து வாகனங்கள் முதல் எட்டு ஆண்டுகள் வரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும், அதன் பிறகு ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டும். சொந்தப் பயன்பாட்டுக்கான காருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதன் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பதிவைப் புதுப்பிக்கும்போதுதான் அரசின் ஆய்வாளர் முதல்முறையாக அந்த வண்டியைப் பரிசோதிப்பார். அதாவது, குழந்தை பிறந்தபோது வாங்கிய கார், அந்தக் குழந்தை பத்தாம் வகுப்புக்கு வரும்வரை எந்தச் சோதனைக்கும் உட்படாமல் ஓடலாம்.

பிரிட்டனில் கார் வாங்கி மூன்று ஆண்டுகள் ஆனதும் ஆண்டுதோறும் சோதனை கட்டாயம். ஏர் பேக் எச்சரிக்கை விளக்கு அணையாமல் எரிந்தால் அந்தச் சோதனையில் வண்டி தேறாது. ஜெர்மனியிலும் ஜப்பானிலும் முதல் மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை சோதனை நடக்கிறது.

தலைநகரின் நிலை இன்னும் விசித்திரமானது. காற்று மாசைக் காரணம் காட்டி, தில்லி வட்டாரத்தில் 10 ஆண்டுகள் கடந்த டீசல் வாகனங்களுக்கும் 15 ஆண்டுகள் கடந்த பெட்ரோல் வாகனங்களுக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடை விதித்தது. உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் அதை வழிமொழிந்தது. அந்த உத்தரவின்படி, தில்லியின் தனியார் டீசல் கார் ஒன்று முதல் தகுதிச் சோதனைக்கான 15 ஆண்டுகளை எட்டுவதற்கு முன்பே தன் ஆயுளை முடித்துக்கொண்டது. அல்லது தடையில்லாச் சான்றுடன் வேறு மாநிலத்துக்குக் கைமாறியது. பிரேக் எப்படி இருந்தது, பெல்ட் இழுத்துப் பிடித்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை. இந்த விவகாரம் 2025-ம் ஆண்டிலும் உச்ச நீதிமன்றத்தில் எதிரொலித்தது. வாதங்கள் வண்டியின் வயதையும் அது கக்கும் புகையையும் பற்றியவையாகவே இருந்தன.

பல்லைப் பிடுங்கும் வேலை

சோதனை இல்லாத இடத்தில் குறுக்குவழிகள் முளைப்பது இயல்பு. சீட் பெல்ட் அணியாவிட்டால் ஒலிக்கும் எச்சரிக்கையை நிறுத்த, பெல்ட் செருகும் இடத்தில் மாட்டும் சிறிய உலோக 'கிளிப்' சந்தையில் விற்பனைக்கு வந்தது. அதைச் செருகிவிட்டால், பெல்ட் அணிந்திருப்பதாகக் கார் ஏமாந்துபோகும். டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி, 2022 செப்டம்பர் 4-ம் தேதி மகாராஷ்டிரத்தின் பால்கர் அருகே நடந்த விபத்தில் இறந்த பிறகே இந்த கிளிப் அரசின் கண்ணில் பட்டது. அவரும் பின்னிருக்கையில் பெல்ட் அணியாமல் பயணம் செய்தவர்தான். முண்டே மறைந்து எட்டு ஆண்டுகளுக்குப் பிறகும் அதே பின்னிருக்கை, அதே காரணம்.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 மே மாதம் ஐந்து இணைய வணிக நிறுவனங்களுக்கு எதிராக உத்தரவு பிறப்பித்தது. 13,118 விற்பனைப் பட்டியல்கள் நீக்கப்பட்டன. சட்டத்தை ஏமாற்றுவதற்கென்றே இத்தனை பட்டியல்களில் ஒரு பொருள் விற்கப்பட்டிருக்கிறது என்றால், வாங்கியவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்! ஏற்கெனவே வாங்கப்பட்ட கிளிப்புகள் கார்களிலேயே இருக்கின்றன. அவற்றைத் தேடி எடுக்க எந்த ஏற்பாடும் இல்லை.

காரின் முன்புறம் பொருத்தப்படும் 'புல் பார்' எனும் இரும்புத் தடுப்புக்கும் இதே கதைதான். இது பாதசாரிகளுக்கு ஆபத்தானது. மோதலின் வேகத்தை உணர்ந்து ஏர் பேக்கை விரிக்கும் சென்சாரின் செயல்பாட்டையும் இது குலைக்கக்கூடும். 2017 டிசம்பரில் மத்திய போக்குவரத்து அமைச்சகம் இவற்றின் மீது நடவடிக்கை எடுக்குமாறு மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. சில வாரங்கள் சோதனை நடக்கும். பிறகு மீண்டும் பொருத்தப்படும். இருக்கையின் பக்கவாட்டில் ஏர் பேக் உள்ள கார்களில், அதை மூடித் தைக்கப்பட்ட அலங்கார உறைகளும் அதே வகைத் தடைதான்.

இவற்றைவிடக் கொடியது போலி ஏர் பேக். ஒரு முறை விரிந்த ஏர் பேக்கை மீண்டும் பயன்படுத்த முடியாது. அசல் உதிரிபாகத்தைப் பொருத்த வேண்டும். அதற்கு ஆகும் செலவு அதிகம் என்பதால் மலிவான மாற்றுக்கு ஒரு சந்தை உருவாகியிருக்கிறது. தில்லி போலீஸார் 2024-ம் ஆண்டில் மத்திய தில்லிப் பகுதியில் சோதனை நடத்தி, பல பிரபல நிறுவனங்களின் பெயரில் தயாரிக்கப்பட்டிருந்த 900-க்கும் மேற்பட்ட போலி ஏர் பேக்குகளைக் கைப்பற்றி மூவரைக் கைது செய்தனர். மோதலின்போது ஏர் பேக் விரிவதற்கு ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரம்கூட ஆவதில்லை. அந்தக் கணத்தில்தான் அது அசலா போலியா என்பது தெரியும். அதற்கு முன் தெரிந்துகொள்ள, பழைய காரை வாங்கும் சாமானியருக்கு எந்த அரசு ஏற்பாடும் இல்லை.

சக்கரத்துக்குள் ஒரு பேட்டரி

சாவி பேட்டரியைப் போலவே, கண்ணுக்குத் தெரியாத இன்னொரு பேட்டரி பல கார்களின் சக்கரங்களுக்குள் இருக்கிறது. டயரின் காற்றழுத்தம் குறைந்தால் எச்சரிக்கும் சென்சாருக்கு மின்சாரம் தருவது அதுவே. பெரும்பாலும் ஐந்து முதல் பத்து ஆண்டுகள் உழைக்கும். சாவியில் செய்வதுபோல் அதை மட்டும் கழற்றி மாற்ற இயலாது. சென்சாரையே மாற்ற வேண்டும்.

2020 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதித் திருத்தத்தின்படி, இந்தக் காற்றழுத்த எச்சரிக்கை அமைப்பும் பஞ்சர் ஒட்டும் சாதனமும் இருந்தால், ட்யூப் இல்லாத டயர்கள் கொண்ட காரில் உபரிச் சக்கரம் வைத்திருக்க வேண்டியதில்லை. காரில் இடம் மிச்சமாகும் என்பது வாதம். ஆனால், உபரிச் சக்கரத்துக்குப் பதிலாக நம்பப்படும் அமைப்பின் பேட்டரி தீர்ந்தபின் என்ன செய்வது என்பதை உரிமையாளரின் பொறுப்புக்கே விதி விட்டுவிட்டது. அமைப்பு பொருத்தப்பட்டிருக்க வேண்டும் என்பது கட்டாயம். எட்டாவது ஆண்டில் அது வேலை செய்ய வேண்டும் என்பதைச் சரிபார்க்க ஆளில்லை.

தயாரிப்பாளரின் பொறுப்பு

2019-ம் ஆண்டுத் திருத்தத்தின் மிக முக்கியமான அம்சம் 110ஏ பிரிவு. குறைபாடுள்ள வாகனங்களைத் திரும்பப் பெறுமாறு தயாரிப்பாளருக்கு உத்தரவிடும் அதிகாரத்தை அது மத்திய அரசுக்கு முதல்முறையாக அளித்தது. அதுவரை, 2012-ம் ஆண்டு முதல் தயாரிப்பாளர்கள் தாமாக முன்வந்து கடைப்பிடித்த நடைமுறை மட்டுமே இருந்தது. 2021 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த விதிகள், தவறும் நிறுவனத்துக்கு ஒரு கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க வழிசெய்தன. ஆனால், தயாரிக்கப்பட்டு ஏழு ஆண்டுகளுக்கு உட்பட்ட வாகனங்களுக்கே அந்த விதிகள் பொருந்தும்.

ஏழு ஆண்டு வரம்பு போதுமானதா என்பதற்கு ஜப்பானின் டகாட்டா நிறுவனத்தின் ஏர் பேக் விவகாரமே விடை. பையை விரிக்கும் ரசாயனம், வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் பல ஆண்டுகள் கிடந்து சிதைந்து, விபத்தின்போது உலோகக் கூட்டையே வெடித்துச் சிதறச் செய்தது. உலகெங்கும் கோடிக்கணக்கான வாகனங்கள் திரும்பப் பெறப்பட்டன. 2017 ஜூனில் அந்த நிறுவனம் திவாலானது. இந்தியாவிலும் சில நிறுவனங்கள் தாமாகவே கார்களைத் திரும்ப அழைத்து ஏர் பேக் பகுதிகளை இலவசமாக மாற்றித் தந்தன. வாங்கிய உடனே வெளிப்படும் குறைபாடு அல்ல அது. வெப்பமும் ஈரமும் மிகுந்த நம்முடைய கடலோர நகரங்களில் பழைய கார்களுக்குத்தான் ஆபத்து அதிகம். ஆனால், பழைய கார் பல கைகள் மாறியிருக்கும்; நிறுவனத்தின் கடிதம் முதல் உரிமையாளரின் பழைய முகவரிக்குப் போய்ச் சேரும்.

கணக்கில் வராத சாவுகள்

மத்திய போக்குவரத்து அமைச்சகத்தின் புள்ளிவிவரப்படி, 2022-ம் ஆண்டில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். 2023-ல் அது 1,72,890 ஆக உயர்ந்தது. 2022-ல் சீட் பெல்ட் அணியாததால் இறந்தவர்கள் 16,715 பேர். அவர்களில் 8,384 பேர் ஓட்டுநர்கள். 8,331 பேர் உடன் பயணம் செய்தவர்கள். ஏறக்குறைய சரிபாதி.

கார் வைத்திருப்போரின் பிரச்னைதானே என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 2022-ல் இறந்தவர்களில் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள் 44.5 சதவீதம், பாதசாரிகள் 19.5 சதவீதம். பிரேக் தேய்ந்த கார், வழுக்கையான டயருடன் ஓடும் கார், ஒரு முகப்பு விளக்கு எரியாத கார் ஆகியவற்றின் விலையை முதலில் கொடுப்பவர்கள் அந்தக் காருக்கு வெளியே இருப்பவர்கள்தாம். சீட் பெல்ட்டும் ஏர் பேக்கும் இல்லாதவர்களுக்கு எதிரே வரும் வண்டியின் பிரேக்தான் பாதுகாப்பு.

வழி ஏற்கெனவே இருக்கிறது

தனியார் கார்களுக்கும் ஆண்டுதோறும் சோதனை என்றால், ஏற்கெனவே திணறும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களால் சமாளிக்க முடியுமா, அது இன்னொரு லஞ்ச வாசலாகிவிடாதா என்ற ஐயங்கள் நியாயமானவை. ஆய்வாளரின் கைக்குப் பதிலாக எந்திரமே சோதிக்கும் தானியங்கி நிலையங்களுக்கான விதிகள் 2021 செப்டம்பரில் வெளியாயின. ஆனால், கனரக வாகனங்களுக்கு 2023 ஏப்ரலில் கட்டாயமாகும் என்று அறிவிக்கப்பட்டது, போதிய நிலையங்கள் இல்லாத நிலையில் 2024 அக்டோபருக்குத் தள்ளிவைக்கப்பட்டது. வாகனங்கள் பொதுப் பட்டியலில் உள்ள பொருள். விதியை வகுப்பது தில்லி. நிலத்தையும் ஆளையும் தர வேண்டியவை மாநிலங்கள். இழுபறிக்கு இதுவே காரணம்.

எனினும், முற்றிலும் புதிதாக எதையும் உருவாக்க வேண்டியதில்லை. தனியார் கார் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒரு சோதனைக்காக நிற்கத்தான் செய்கிறது. புகைச் சோதனை அது. பாரத் ஸ்டேஜ் 4, 6 வகை வாகனங்களுக்கு ஓராண்டும், பழையவற்றுக்கு ஆறு மாதமும் அந்தச் சான்று செல்லும். பெட்ரோல் பங்கின் ஓரத்தில், ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும் வேலை. அதே ஐந்து நிமிடத்தில் இன்ஜினை இயக்கி, ஏர் பேக், ஏபிஎஸ் விளக்குகள் எரிந்து அணைகின்றனவா, பெல்ட்டுகள் இழுத்தால் பூட்டிக்கொள்கின்றனவா, டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையவில்லையா என்று பார்த்துக் குறித்துத்தரத் தடை என்ன?

வண்டிக் காப்பீடும் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவதே. புகைச் சான்று இல்லாவிட்டால் காப்பீட்டைப் புதுப்பிக்கக்கூடாது என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. காப்பீடே இல்லாத வண்டிகள் பெருகி, விபத்தில் பாதிக்கப்பட்டோர் இழப்பீடு பெற முடியாமல் போகிறது என்று நிறுவனங்கள் முறையிட்டதை அடுத்து, 2024-ல் அந்த நிபந்தனை தளர்த்தப்பட்டது. தண்டனையாக அமைந்தால் மக்கள் விலகிப்போவார்கள் என்பது அதில் கிடைத்த பாடம். பராமரிப்புச் சான்று வைத்திருப்பவருக்குப் பிரீமியத்தில் சலுகை என்றால் அவர்களே தேடி வருவார்கள்.

உரிமையாளர் செய்யக்கூடியவை

அரசு விழித்துக்கொள்ளும்வரை பொறுப்பு உரிமையாளருடையதே. சாவியிலிருந்தே தொடங்கலாம். பெரும்பாலான ரிமோட் சாவிகளில் இருப்பது மூன்று வோல்ட் லித்தியம் பேட்டரி. அதன் மேல் பொறிக்கப்பட்ட 'சிஆர் 2032' போன்ற எண்ணில் முதல் இரண்டு இலக்கங்கள் மில்லிமீட்டரில் விட்டத்தையும், அடுத்த இரண்டு பருமனையும் குறிக்கும். 32 என்றால் 3.2 மில்லிமீட்டர். அதே எண்ணுள்ளதையே வாங்க வேண்டும். எச்சரிக்கை வந்தவுடன் மாற்றிவிடுவது நல்லது. திடீரென தீர்ந்துபோனாலும் கலங்க வேண்டியதில்லை. சாவிக்குள் மறைந்திருக்கும் உலோகச் சாவியால் கதவைத் திறக்கலாம். பொத்தானை அழுத்தி இயக்கும் கார்கள் பலவற்றில், சாவியை அந்தப் பொத்தானை ஒட்டிப் பிடித்தாலே இன்ஜின் இயங்கும்; சாவியிலுள்ள அடையாளச் சில்லுக்கு வேண்டிய மின்சாரத்தைக் காரே தந்துவிடும்.

கழற்றிய பழைய பேட்டரியைக் குழந்தைகள் எடுக்கும் இடத்தில் போடக்கூடாது. விழுங்கிவிட்டால் உணவுக்குழாயில் சிக்கி, இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையான புண்ணை உண்டாக்கும். தீர்ந்துபோன பேட்டரியும் ஆபத்தானதே. ஐயம் எழுந்தாலே குழந்தையை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

அடுத்தது டாஷ்போர்டு. சாவியைத் திருப்பியதும் ஏர் பேக், ஏபிஎஸ் விளக்குகள் எரிந்து சில நொடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டாலும் பழுது, எரியவே இல்லையென்றாலும் பழுது. பெல்ட்டை வெடுக்கென்று இழுத்தால் அது பூட்டிக்கொள்ள வேண்டும். கிளிப் இருந்தால் கழற்றி எறிய வேண்டும். பழைய கார் வாங்குவோர் சேஸிஸ் எண்ணைச் சொல்லி, திரும்ப அழைக்கப்பட்ட வண்டிகளில் அதுவும் ஒன்றா என்று நிறுவனத்திடம் விசாரிப்பது அவசியம். இவை எதற்கும் மெக்கானிக் தேவையில்லை. பெரிய செலவும் இல்லை.

ஆனால், ஒரு நாட்டின் சாலைப் பாதுகாப்பைத் தனிமனிதரின் நல்லெண்ணத்திடம் ஒப்படைத்துவிட முடியாது. ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் விபத்துச் சாவுகள் குறித்து உறுப்பினர்கள் கேள்வி எழுப்புகிறார்கள். அமைச்சர் எண்ணிக்கையை அவையில் வைக்கிறார். புதிய கார்களில் கட்டாயமாக்கப்பட்ட கருவிகளின் பட்டியலும் கூடவே வருகிறது. சாலையில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கார்களில் அந்தக் கருவிகள் எத்தனை வேலை செய்கின்றன என்ற கேள்வியை இனியாவது அவையில் யாரேனும் எழுப்ப வேண்டும். முண்டேவின் மரணத்துக்கும் மிஸ்திரியின் மரணத்துக்கும் இடையே எட்டு ஆண்டுகள். அந்த எட்டு ஆண்டுகளில் விற்பனையான கார்களில் முதலாவது, அரசின் முதல் சோதனைக்கு வரவேண்டிய ஆண்டு 2029.